நாற்பது மில்லிமீட்டரோடு நான்கு நாள்: தஞ்சாவூர் முதல் கங்கைகொண்ட சோழபுரம் வரை

முதல் நாள், மாலை. தஞ்சாவூர், விடுதி மொட்டை மாடி

பையில் ஒரே ஒரு லென்ஸ்தான்: நிக்கான் நிக்கார் இசட் 40 மி.மீ. எஃப் 2. (எஃப் எண் ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது.) கேமரா உடல் அதே நிறுவனத்தின் இசட் 5, 24 மெகாபிக்சல், முழுச்சட்டம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்). லென்ஸின் எடை 170 கிராம், நீளம் 45.5 மி.மீ., முன்பக்க ஃபில்டர் அளவு 52 மி.மீ. உள்ளே நான்கு குழுக்களாக ஆறு கண்ணாடிகள், அவற்றில் இரண்டு ஆஸ்பெரிக்கல் (கோள வடிவில் இல்லாத வளைவு). துளையின் இதழ்கள் ஒன்பது. 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இதே நிறுவனத்தின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ் லென்ஸ் 415 கிராம். வித்தியாசம் கால் கிலோவுக்குச் சற்றே குறைவு. வெயிலில் நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும்போது அந்தக் கால் கிலோ நன்றாகவே தெரியும்.

புது லென்ஸ் வந்ததும் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, ஐந்தடி தள்ளி நின்று நாலு படம் எடுத்துத் தீர்ப்புச் சொல்வது பலருக்கும் பழக்கம். அது ஐந்தடிக்கான தீர்ப்பு மட்டுமே. சிறிய லென்ஸ்களின் குணம் தூரத்துக்குத் தூரம் மாறும். இந்த லென்ஸில் அந்த மாற்றம் பெரிது. எஃப் 2-இல் முப்பது மீட்டரில் ஒரு லென்ஸ், மூன்று மீட்டரில் ஒரு லென்ஸ், முப்பது சென்டிமீட்டரில் முற்றிலும் வேறொரு லென்ஸ். அதனால்தான் இந்தச் சோதனைக்கு ஒரு பயணம். கோபுரமும் கல்வெட்டும் மெழுகுப் பொம்மையும் ஒரே வாரத்தில் கிடைக்கும் ஊர்கள் இவை.

அதற்கு முன் ஒரு வேலை உண்டு. கையில் இருக்கும் இந்த ஒரு பிரதி சரியாகப் பூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடிகளில் ஒன்று மையம் விலகியோ சாய்ந்தோ உட்கார்ந்திருந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அப்படிப்பட்ட பிரதியை வைத்துக்கொண்டு இந்த ரக லென்ஸ் நல்லதா கெட்டதா என்று பேசுவதில் பொருளில்லை.

மொட்டை மாடியில் டிரைபாட் வைத்துச் செய்ய வேண்டியது இது. குறைந்தது நூறு மீட்டர் தள்ளி, நுணுக்கமான விவரம் உள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மேல்நிலை நீர்த்தொட்டியின் படிக்கட்டு, செல்போன் கோபுரம் எதுவானாலும் சரி. கேமராவில் நடுக்கக் குறைப்பை அணைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு, எஃப் 2-இல் வையுங்கள். அந்தப் பொருளைச் சட்டத்தின் மேல் இடது மூலைக்குக் கொண்டுவந்து, அந்த மூலையிலேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். பிறகு மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது. நான்கையும் கணினியில் நூறு சதவீதத்தில் அருகருகே வையுங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் கவலையில்லை, அது லென்ஸின் இயல்பு. மூன்று ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால் பிரதி பழுது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

செங்கல் சுவரை வைத்தும் இதைச் செய்வார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேமரா சுவருக்கு அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மங்கும். பழி லென்ஸின் மேல் விழும். தூரத்துப் பொருளை மூலைக்கு மூலை நகர்த்தும் முறையில் அந்தப் பிழைக்கு இடமில்லை.

நேரமும் முக்கியம். நடுப்பகலில் தகர ஷீட் கூரைகளுக்கு மேலே எழும் சூட்டுக்காற்று தூரத்துப் பொருளை நெளிய வைக்கும். அந்த நெளிவு படத்தில் மங்கலாக வந்து உட்காரும். காலை எட்டு மணிக்கு முன், அல்லது மழை பெய்து ஓய்ந்த மாலை நல்லது. இந்தப் பிரதியில் நான்கு மூலைகளும் ஒன்றுபோல வந்தன.

இரண்டாம் நாள். பெரிய கோயில்

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே வந்து மூடியைத் திறந்தால் முன்கண்ணாடி உடனே பனி பூக்கும். துடைத்தால் திரும்பவும் பூக்கும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே கேமராவை ஜிப் உறையில் போட்டு மூடி, அறைக்கு வெளியே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பனி உறைக்கு வெளியேதான் படியும்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் இது. திருச்சுற்றில் படம் எடுக்கலாம், கருவறைப் பக்கம் கூடாது. டிரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும். ஆகவே இன்றைய சோதனை முழுக்கக் கைப்பிடியில்.

முதலில் 40 மி.மீ. என்பது எவ்வளவு அகலம் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். முழுச்சட்டச் சென்சாரின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. அந்த அளவை ஒட்டிய லென்ஸைத்தான் ஸ்டாண்டர்டு என்கிறோம். அந்த இலக்கணத்துக்கு 50-ஐ விட 40-தான் பக்கம். மனதில் வைக்க ஒரு கணக்கு: பத்தடி தள்ளி நின்றால் ஒன்பதடி அகலம், ஆறடி உயரம். நூறடியில் தொண்ணூறு, அறுபது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் அகலமும் உயரமும் இடம் மாறும்.

இதை விமானத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம். உயரம் 216 அடி என்பது வழக்கம், அதாவது சுமார் 66 மீட்டர். செங்குத்துச் சட்டத்தில் இந்த லென்ஸ் பார்க்கும் கோணம் 48 டிகிரிக்குச் சற்று மேல். அடி முதல் கலசம் வரை அதற்குள் அடங்க விமானத்தின் நடு அச்சிலிருந்து 60 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். வளாகம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். ஆகவே வடக்குத் திருச்சுற்று மாளிகையில் முதுகை ஒட்டி நின்றாலும் கலசம் இடிக்கும். வடகிழக்காக, நந்தி மண்டபப் பக்கம் மூலைவிட்டமாகப் பின்வாங்கினால் அடங்கும். ஆனால் கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டும், கோடுகள் உச்சியை நோக்கிச் சரியும். கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தே கலசம் வரை வேண்டுமென்றால் 140 மீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு இடம் கிழக்கே மட்டும்தான், இராசராசன் திருவாசல் பக்கம்.

எஃப் 2-இல் பட்டப்பகலில் எடுப்பவர்கள் ஷட்டர் கணக்கை மறந்துவிடுகிறார்கள். முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்திறன்) 100 வைத்தால் எஃப் 16-க்கு 1/100 நொடி. எஃப் 2-க்கு வரும்போது ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) ஏறி 1/6400. இசட் 5-இல் 1/8000 வரை உண்டு, ஆகவே சமாளிக்கலாம். இசட் 50, இசட் எஃப்.சி. போன்ற சிறிய உடல்களில் 1/4000-தான் உச்சம். வெள்ளைச் சட்டை வெளுத்துப் போகும். 52 மி.மீ. அளவில், வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்டர் ஒன்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இசட் 5-இலும் ஒரு பொறி இருக்கிறது. ஷட்டர் வகையை எலக்ட்ரானிக் முன்திரை என்று வைத்திருந்தால் 1/2000-க்கு மேல் ஏறாது. தானியங்கி அல்லது மெக்கானிக்கல் என்று மாற்ற வேண்டும்.

தூரத்தில் எஃப் 2 எப்படி? சட்டத்தின் நடுவில் நல்ல கூர்மை. விமானத்தின் மேல்தளச் சிற்பங்களின் விளிம்பு தெளிவாகப் பிரிகிறது, மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) மட்டும் சற்றுக் குறைவு. எஃப் 2.8-இல் அதுவும் நிமிர்கிறது. மூலைகள் வேறு கதை. எஃப் 2-இல் மென்மை, கூடவே இருட்டு. எஃப் 4-இல் பாதி சரியாகி, எஃப் 5.6-இல் ஓரம் வரை படம் கட்டிக்கொள்கிறது. எஃப் 8-இல் அதற்கு மேல் பெரிதாக லாபமில்லை. எஃப் 11-இலிருந்து விளிம்பு விளைவு (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) தன் வேலையைத் தொடங்கும். எஃப் 16-இல் படம் முழுக்க ஒரே சீராக மழுங்கும். கோயில் முழுக்க ஆழமாகத் தெரியட்டும் என்று எஃப் 16 வைப்பது வீண். எஃப் 8-இல் ஆறே முக்கால் மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் முதல் தொடுவானம் வரை எல்லாம் ஏற்கத்தக்க கூர்மைக்குள் வந்துவிடும்.

ஓர இருட்டைப் பற்றி ஒன்று. ஜேபெக்கில் நீங்கள் பார்ப்பது கேமரா ஏற்கெனவே திருத்திக் கொடுத்தது. பிரபலமான பல மென்பொருள்கள் ரா கோப்பை (சென்சாரின் மூலப்பதிவை) திறக்கும்போதும், உள்ளே பொதிந்திருக்கும் திருத்தத்தைக் கேட்காமலே போட்டுவிடும். லென்ஸ் உண்மையில் கொடுப்பதைப் பார்க்க ரா தெரபி, டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளில் திருத்தங்களை அணைத்துத் திறக்க வேண்டும். ஏன் பார்க்க வேண்டும்? ஓர இருட்டை மென்பொருள் வெளுப்பாக்கும்போது அங்கே இரைச்சலும் ஏறும். ஐ.எஸ்.ஓ. 100-இல் தெரியாது, 6400-இல் மூலைகள் மணல் தூவியது போல வரும்.

நடுத்தூரச் சோதனைக்கு இந்தக் கோயிலை விடச் சிறந்த இடம் கிடையாது. விமானத்தின் அதிட்டானம் (அடித்தளம்) முழுக்க இராசராசன் காலத்துக் கல்வெட்டு. வரி வரியாக, நேர்கோட்டில், ஒரே மட்டத்தில் ஓடும் எழுத்துகள். கடையில் வாங்கும் சோதனை அட்டை இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால், காலையில் தெற்குச் சுவரில் வெயில் உரசிக்கொண்டு போகும். எழுத்தின் பள்ளங்களில் நிழல் நிற்கும். மூன்று மீட்டர் தள்ளி, திரையில் கிடைமட்டக் கோட்டைப் போட்டு, கல்வெட்டு வரியைச் சட்டத்தின் விளிம்புக்கு இணையாக நிறுத்தி எடுக்க வேண்டும். மூன்று மீட்டரில் எஃப் 2-க்கு ஏறத்தாழ 70 செ.மீ. ஆழம் (முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் தூரம்) இருப்பதால் கைநடுக்கத்தில் முன்பின் ஒரு அங்குலம் ஆடினாலும் கெடாது.

பார்த்தது இது. நடு எழுத்துகள் எஃப் 2-இல் சுத்தம். சட்டத்தின் ஓரத்து எழுத்துகளின் விளிம்பில் ஒரு மெல்லிய கசிவு. படிக்க முடிகிறது, அச்சுக்குப் போதாது. எஃப் 4-இல் முழு வரியும் ஒரே தரம். கல்வெட்டைப் பதிவு செய்வதுதான் நோக்கமென்றால் எஃப் 5.6-இல் நின்றுவிடுங்கள். அதே மூன்று மீட்டரில் ஒரு ஆளை நிறுத்திப் படம் எடுப்பதென்றால் எஃப் 2-தான் இந்த லென்ஸின் பலம். முகம் கூர்மை, பின்னாலிருக்கும் தூண்வரிசை மெதுவாகக் கரையும். பெரிய லென்ஸ்களைப் போல வெட்டி ஒட்டியது மாதிரி இல்லாமல், இடம் இன்னதென்று தெரியும்படியே கரைகிறது. பயணப் படத்துக்கு இந்தக் கரைதல்தான் வேண்டும்.

மூன்றாம் நாள். சுவாமிமலை, தாராசுரம்

இன்றைய நாள்தான் இந்த லென்ஸின் உண்மையான பரீட்சை.

சுவாமிமலையில், மெழுகில் உருவம் செய்து உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. பட்டறையில் முதலில் கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது குறுக்கே நிற்கக் கூடாது, மெழுகு உருவத்தைத் தொடக் கூடாது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. விரல் சூட்டிலேயே தடம் பதியும்.

பலகை மேல் ஒரு சாண் உயர மெழுகு அம்மன். முகத்தின் அகலம் இரண்டு விரல்தான். இந்த லென்ஸ் 29 செ.மீ. வரை நெருங்கும். ஆனால் அந்த 29 செ.மீ. லென்ஸின் மூக்கிலிருந்து அல்ல, கேமராவின் மேல் வட்டமும் கோடுமாகக் குறித்திருக்கும் சென்சார் தளத்திலிருந்து. லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் நடுவே கிடைப்பது சுமார் 23 செ.மீ. அங்கே உருப்பெருக்கம் 0.17, சட்டத்துக்குள் விழுவது 21 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம். ஒரு புத்தகத்தின் பக்க அளவு.

இந்த நெருக்கத்தில் எஃப் 2 வைத்து மெழுகு முகத்தின் மூக்கில் ஃபோகஸ் செய்தால் இரண்டு காரியம் நடக்கிறது. முதலாவது, ஆழம் 5 மி.மீ. மட்டும். மூக்குநுனி உண்டு, கண் பாதி, காது இல்லை. இதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இரண்டாவதைத்தான் எதிர்பார்ப்பதில்லை. ஃபோகஸ் ஆன மூக்குநுனியே ஒரு பனிப்படலத்துக்குள் இருக்கிறது. கூர்மை உள்ளே இருக்கிறது, அதன் மேல் வெளிச்சம் கசிந்து படர்ந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னும் இடங்களில் அந்தக் கசிவு இன்னும் அதிகம். கைநடுங்கிவிட்டது, ஃபோகஸ் தப்பிவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். இரண்டும் இல்லை. கோளப்பிழை இது: கண்ணாடியின் விளிம்பு வழியாக வரும் கதிர்களும் நடு வழியாக வரும் கதிர்களும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. தூரத்துக்கு ஏற்ப இதை அடக்கி வைத்திருக்கிறார்கள், கிட்டே வரும்போது அடக்கம் தளர்கிறது. விலை கூடிய சில லென்ஸ்களில் இரண்டு கண்ணாடிக் குழுக்கள் தனித்தனியே நகர்ந்து இதைச் சரிக்கட்டும். ஆறே கண்ணாடியில், 170 கிராமில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

மருந்து எளிது. எஃப் 2.8-இல் படலம் பாதிக்கு மேல் விலகும். எஃப் 4-இல் போய்விடும். ஏனென்றால் பிழையைக் கொண்டுவரும் விளிம்புக் கதிர்களைத் துளை அடைத்துவிடுகிறது. 60 செ.மீ.க்குள் போகும்போதெல்லாம் எஃப் 4 என்று கைக்குப் பழக்கிவிட்டால் இந்த லென்ஸின் மேல் வரும் குறைகளில் பெரும்பகுதி தீரும். பூஜை விளக்கு, மலர், பழைய புகைப்படத்தின் சாயல் வேண்டுமென்றால் எஃப் 2-இன் அந்தப் பனியை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளலாம். நன்றாகவே இருக்கும். தெரிந்து செய்வதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துளையைச் சுருக்கினால் ஃபோகஸ் நகர்ந்துவிடாதா என்ற கேள்வி வரும். கோளப்பிழை உள்ள லென்ஸ்களில் அது நடப்பதுதான். ஆனால் இந்தக் கேமராக்கள் எஃப் 5.6 வரை, படம் எடுக்கப்போகும் துளையிலேயே ஃபோகஸ் செய்கின்றன. அதனால் தானியங்கி ஃபோகஸில் அந்த நகர்வு தொல்லை தராது. இதற்கு ஒரு விலையும் உண்டு. அதை இரவுக் கடைத்தெருவில் பார்க்கலாம்.

வார்ப்பு நடக்கும் நாள் வாய்த்தால் மூன்று மீட்டர் தள்ளியே நில்லுங்கள். மண் அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் நீராவி உலோகத்தைத் தெறிக்க விடும். மூசையிலிருந்து (உலோகம் உருக்கும் கலத்திலிருந்து) ஊற்றும் உலோகம் படத்தில் வெறும் வெள்ளையாக வெடித்துப் போவதுதான் வழக்கமான தவறு. அளவீட்டை உச்சவெளிச்சத்துக்கு முன்னுரிமை தரும் முறைக்கு மாற்றுங்கள், அல்லது ஒன்றே முக்கால் ஸ்டாப் குறையுங்கள். எஃப் 2.8, 1/500, ஐ.எஸ்.ஓ. 1600-இலிருந்து தொடங்கலாம். ஃபோகஸ் புள்ளியை உலோகத்தின் மேல் வைக்காமல் மூசையின் விளிம்பில் வையுங்கள். ஒளிரும் பரப்பில் பிடித்துக்கொள்ள விவரம் கிடையாது. மெருகேற்றிய சிலையின் மினுக்கத்தில் எஃப் 2-க்கு விளிம்புகளில் ஊதாவும் பச்சையும் லேசாகத் தட்டும். ஃபோகஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை. எஃப் 4-இல் இதுவும் அடங்குகிறது.

பிற்பகல் தாராசுரம். ஐராவதேசுவரர் கோயிலின் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் அறுபத்துமூவர் கதைகள் சிறு சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டிய அளவு. கிட்டே போய் முழுச்சட்டத்தையும் நிரப்பத்தான் கை பரபரக்கும். அதைச் செய்ய வேண்டாம். மிகக் கிட்டத்தில் எஃப் 5.6 வைத்தாலும் ஆழம் 14 மி.மீ.தான், புடைப்பின் மேல்தளம் வரும், பின்தளம் வராது. 50 செ.மீ.க்குப் பின்வாங்கினால் அதே எஃப் 5.6-இல் ஏறத்தாழ 4 செ.மீ. ஆழம் கிடைக்கும். பிறகு கணினியில் தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். ஏழரை மெகாபிக்சல் போல மிஞ்சும். பத்திரிகையில் அரைப்பக்கத்துக்கு அது தாராளம். கிட்டே போய் எடுத்த மங்கலான 24-ஐ விடப் பின்வாங்கி எடுத்த கூர்மையான ஏழரை மேல்.

நிழலில் இருக்கும் சிற்பம் தட்டையாக வரும். உடன் இருப்பவரிடம் ஒரு வெள்ளை வேட்டியை நாலாக மடித்துக் கொடுத்து, வெயில் படும் இடத்திலிருந்து பக்கவாட்டில் வெளிச்சத்தைத் திருப்பச் சொல்லுங்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் அந்த ரிஷபகுஞ்சரம் இந்தப் பக்க வெளிச்சத்தில் தனியே எழுந்து வரும். இடது உடலை மறைத்தால் ஒன்று, வலது உடலை மறைத்தால் மற்றொன்று.

மூன்றாம் நாள், இரவு. கும்பகோணம் கடைத்தெரு

பாத்திரக் கடைகளின் பித்தளையும் எல்.இ.டி. விளக்கும் சேர்ந்தால் லென்ஸின் எல்லாக் குணமும் வெளியே வரும்.

முதலில் பட்டை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். சத்தமில்லா ஷட்டரில் எடுத்தால் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 அல்லது 1/50 வையுங்கள். இது லென்ஸின் குற்றமல்ல, ஆனாலும் லென்ஸின் தலையில்தான் விழுகிறது.

காலையில் சொன்ன விலை இதுதான். இருட்டில் எஃப் 5.6 வைத்து ஃபோகஸ் செய்யச் சொன்னால் கேமராவுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் எஃப் 5.6 அளவுதான். மோட்டார் முன்னும் பின்னும் தேடும். எஃப் 2-க்குத் திறந்தால் எட்டு மடங்கு வெளிச்சம், உடனே பிடிக்கும். டபராவில் ஆற்றும் காபியை 1.5 மீட்டரில் எஃப் 2-இல் எடுத்தால் ஆழம் 17 செ.மீ. வரை இருக்கிறது. கையும் டம்ளரும் அதற்குள் அடங்கும்.

ஃபோகஸின் நம்பகத்தைச் சோதிக்க ஒரே பொருளைப் பத்துமுறை எடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் தூரத்து விளக்குக்கு ஒருமுறை ஃபோகஸை ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். பத்தில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். அப்படிச் செய்யாமல் பத்து எடுத்தால் லென்ஸ் நகராமலே நின்று பத்துக்குப் பத்து வாங்கிவிடும்.

பின்னணி விளக்குகள் நடுவில் வட்டம், ஓரத்தில் எலுமிச்சை வடிவம். லென்ஸின் உடலே ஓரக் கதிர்களை மறிப்பதால் வருவது. எஃப் 2.8-இல் பெரும்பாலும் உருண்டுவிடும். அந்த மங்கிய விளக்கு வட்டத்துக்குள் (பொக்கே) வெங்காயம் வெட்டியது போன்ற வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஸ்பெரிக்கல் கண்ணாடி உள்ள எந்த லென்ஸிலும் பார்க்க வேண்டிய ஒன்று. மூலையில் உள்ள தெருவிளக்குகள் எஃப் 2-இல் சிறகு முளைத்த புள்ளியாக நீளும். நட்சத்திரம் எடுக்க நினைப்பவர்கள் வேறு லென்ஸ் பார்க்கலாம்.

நான்காம் நாள். கங்கைகொண்ட சோழபுரம்

அணைக்கரை வழியாகப் போனால் காலை வெயில் ஏறுவதற்குள் சேரலாம். பரந்த புல்தரை, சுற்றிலும் வெட்டவெளி, நடுவில் இராசேந்திரனின் விமானம். எதிர்வெயில் சோதனைக்கு இதுபோல இடம் அமையாது.

சூரியனைச் சட்டத்துக்குள் வைத்து எடுக்கும்போது இந்த லென்ஸ் நன்றாகவே தாங்குகிறது. சூரியன் சட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கும்போதுதான் நிழல்கள் பால் கலந்தது போல வெளுக்கின்றன. பெட்டியில் ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் வளையம்) வருவதில்லை. 52 மி.மீ. திருகு ஹூட் வாங்கினால் ஸ்டாண்டர்டு லென்ஸுக்கான குட்டை ரகமாக வாங்குங்கள். மாட்டிய பின் வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுத்து மூலைகள் வெட்டுப்படவில்லை என்று பாருங்கள். ஹூட் இல்லாத நேரத்தில் இடது உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே பிடித்தாலே போதும். யூ.வி. ஃபில்டர் மாட்டியிருந்தால் சூரியனுக்கு எதிரே அதைக் கழற்றிவிடுங்கள்; தட்டைக் கண்ணாடிதான் பாதி பேய்வட்டங்களை உண்டாக்குகிறது. ஒன்பது இதழ் என்பதால் எஃப் 16-இல் சூரியனுக்குப் பதினெட்டுக் கதிர் வரும். இதழ்கள் வளைந்தவை, கதிர்கள் மெலிந்தே இருக்கும்.

இந்தப் புல்தரையில் ஒரு நல்ல சோதனை செய்யலாம். கேமராவை இடுப்புயரத்தில் சற்றே கீழே பார்க்கப் பிடித்து, எஃப் 2-இல் சட்டத்தின் நடுவில் ஐந்து மீட்டர் தள்ளி ஃபோகஸ் செய்து எடுங்கள். படத்தை எடிட்டரில் திறந்து, விளிம்புகளை மட்டும் காட்டும் ஃபில்டரைப் போடுங்கள். கூர்மையாக உள்ள புல் மட்டும் ஒரு பட்டையாக எழும். பட்டை நேராக ஓடினால் ஃபோகஸ் தளம் தட்டை. ஓரங்களில் முன்னோக்கியோ பின்னோக்கியோ வளைந்தால் தளம் வளைந்தது. ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் முதல் நாள் மொட்டை மாடியில் தேடிய அதே பழுது. வளைவு இருந்தால் குழுப்படம் எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர்களை அரை அடி முன்னோ பின்னோ நிறுத்தியே சரிக்கட்டலாம். அல்லது எஃப் 5.6.

வடக்கு வாயிலில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. இரண்டு மீட்டரில் எஃப் 4 வைத்து நின்றாலே சிற்பத்தொகுதி சட்டத்தை நிறைக்கும். அங்கே இந்த லென்ஸில் குறை சொல்ல எதுவுமில்லை.

யாருக்கு இது ஆகும்? முக்கால் பங்கு படங்கள் ஒரு மீட்டருக்கு மேல் எடுப்பவர்களுக்கு, நடந்தே ஊர் பார்ப்பவர்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நகை, உணவு, ஆவணம் என்று கிட்டேயே வேலை செய்பவர்களுக்கு மேக்ரோ லென்ஸ்தான் சரி. மூலை வரை எஃப் 2-இலேயே கூர்மை வேண்டுபவர்கள் கால் கிலோவைக் கூடுதலாகச் சுமந்து 50 மி.மீ. எஃப் 1.8 எஸ் வாங்கட்டும். சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி உடலில் இது 60 மி.மீ.யின் பார்வை தரும். முகப்படத்துக்கு அழகு, கோயிலுக்கு நெருக்கடி.

பழையதாக வாங்குகிறவர்கள் இரண்டு இடம் பாருங்கள். மவுண்ட் பிளாஸ்டிக், அதன் நாக்குகளில் தேய்மானமோ கீறலோ இருக்கிறதா? பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்த்தால் பூஞ்சையின் நூல் தெரிகிறதா? டெல்டா ஈரத்தில் பையிலேயே மாதக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் அது சகஜம்.

ஊர் திரும்பும் முன் முன்கண்ணாடியைப் பாருங்கள். நாலு நாள் கோயில் சுற்றிய கண்ணாடியில் விபூதித் தூசியும் விளக்குப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். வேட்டி நுனியால் துடைத்துவிடாதீர்கள். தூசி உரசிப் பூச்சில் கோடு விழும். முதலில் லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பிறகு மென்தூரிகை. கடைசியாக லென்ஸ் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றி எடுங்கள். திரவத்தை நேரே கண்ணாடியில் விட்டால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.